கச்சாங் பூத்தே அடுப்பை அணைத்தது யார்?



2025 தீபாவளியோடு எங்கள் பட்டணத்தில் ஓர் அடுப்பு அணைந்துவிட்டது. எந்த நாளேட்டிலும் அச்செய்தி வரவில்லை. வருவதற்கு அது பெரிய தொழிற்சாலையும் அன்று. ஒரு வீட்டின் பின்புறம், துத்தநாகத் தகரக் கூரையின் கீழ், ஓர் அம்மையார் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகக் கச்சாங் பூத்தே வறுத்து வந்த அடுப்பு அது. தைப்பூசத்தில் அவருடைய கடை வழக்கமாக இருக்கும் இடத்தில் வேறொருவர் நெகிழிப் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தார். அங்கே சற்று நேரம் நின்றேன். அன்றிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் சிலவற்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

கச்சாங் பூத்தே என்பது மலாய்ச் சொல். 'கச்சாங்' என்றால் கடலை, பயறு வகை. 'பூத்தே' என்றால் வெள்ளை. (இலங்கைத் தமிழர்கள் நிலக்கடலையைக் 'கச்சான்' என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.) விற்றவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், பெயரோ மலாய், வாங்கித் தின்றவர்கள் எல்லா இனத்துப் பிள்ளைகளும். ஈப்போவின் புந்தோங் பகுதியில் இத்தொழிலின் பெயரையே தாங்கிய கம்போங் கச்சாங் பூத்தே என்னும் குடியிருப்பு உண்டு. முறுக்கு, ஓமப்பொடி, பட்டாணி, கடலை என்று அங்கே தயாராகும் தின்பண்டங்களைத் தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் போகிறார்கள். நான் எழுதுவது அங்குள்ள எந்தக் கடையைப் பற்றியும் அன்று. பெயர் தெரியாமலேயே மறைந்துபோகும் நூற்றுக்கணக்கான சிறு அடுப்புகளுள் ஒன்றைப் பற்றி.

பத்துக் காசுப் பொட்டலம்

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். சம்பளம் போடும் நாளில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். படத்தைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, மிதிவண்டியில் தகர டின்களைக் கட்டிக்கொண்டு வரும் இணையர்தாம். கணவர் வண்டியைப் பிடித்துக்கொள்வார். மனைவி பொட்டலம் மடிப்பார். அவரை நாங்கள் 'கச்சாங் பூத்தே அக்கா' என்போம். இன்று என் மாணவர்கள் அவரைப் பாட்டி என்கிறார்கள். எனக்கு மட்டும் அவர் இன்னும் அக்காதான்.

டின்கள் ஆறு. ஒன்றில் மணலில் வறுத்த வெள்ளைக் கொண்டைக்கடலை. மற்றவற்றில் பொரித்த பட்டாணி, உப்பு நிலக்கடலை, சர்க்கரைப் பாகு பூசிய கடலை, உடைத்த முறுக்கு, ஓமப்பொடி. பத்துக் காசைக் கொடுத்தால் பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் தாளைக் கூம்பாகச் சுருட்டி, கேட்டதைக் கேட்டபடி கலந்து கொடுப்பார். தாளில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கும் ஆசிரியரின் சிவப்பு மைக் கோடும் இருக்கும். தின்று முடித்துவிட்டு அந்தக் கணக்கு சரியா, தவறா என்று பார்ப்பது எங்கள் விளையாட்டு. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

அந்த வெள்ளைக் கடலையின் சுவையை எப்படிச் சொல்வது? கடித்தால் பல்லுக்கு எதிர்ப்புக் காட்டாமல் மாவாக உதிரும். முதலில் புகை வாசனை, பிறகு உப்பு, கடைசியில் மெல்லிய இனிப்பு. பேரங்காடியில் விற்கும் பொட்டலக் கடலை கல்லைப்போல் இருக்கிறது; அல்லது எண்ணெயில் நனைந்திருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று பல ஆண்டுகள் எனக்குத் தெரியவில்லை. அக்கா வேலை செய்வதை அருகிருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

கடலையை முதல் நாள் உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் நனைத்து, வடித்து, சாக்கில் கட்டி வைக்கிறார். பிறகு இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் காய வைத்து அதில் ஒருமுறை வறுக்கிறார். இது பாதி வறுவல்தான். அதைச் சலித்தெடுத்து மீண்டும் சாக்கில் போட்டு ஆற விடுகிறார். மறுநாள் இலேசாக நீர் தெளித்துப் பிசிறி, முன்னதைவிடச் சூடான மணலில் இரண்டாம் முறை வறுக்கிறார். உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழி தேடும்போது கடலை உப்பி, தோல் வெடிக்கிறது. உடனே சல்லடையில் கொட்டி மணலை நீக்கி, சூடு தணிவதற்குள் பலகையில் தேய்த்துத் தோலை எடுக்க வேண்டும். ஒரு கடலைக்கு ஏறக்குறைய மூன்று நாள்! அவசரப்பட்டால் கல், அசந்தால் கரி. நாம் ஒரு நிமிடத்தில் மென்று தீர்த்த பண்டத்திற்குப் பின்னால் இத்தனை வேலை.

ஏன் நிறுத்தினார்?

தைப்பூசம் முடிந்த வாரத்தில் அவர் வீட்டிற்குப் போனேன். சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மணலைப் பூச்செடிகளுக்குக் கொட்டிவிட்டாராம். "முட்டி வலிக்குதுய்யா, புகை நெஞ்சுக்கு ஆவல" என்று தொடங்கியவர், கொஞ்சம் கொஞ்சமாக மற்றவற்றையும் சொன்னார்.

முதலில் விறகு. தோட்டத்தில் மறுநடவுக்காக வெட்டித் தள்ளும் பால்மரம் ஒரு காலத்தில் அவருக்கு ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. 1980களிலிருந்து அதே பால்மரப் பலகை மேசை நாற்காலி செய்யும் தொழிலுக்குப் போகத் தொடங்கியது. ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களாக மாறின. விறகு போய் எரிவாயு வந்தது, செலவு ஏறியது, புகை வாசனையும் பாதி போனது.

அடுத்தது 2020. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோயில் திருவிழா இல்லை, திரையரங்கு இல்லை, இரவுச் சந்தை இல்லை. 2021 தைப்பூசத்தில் பத்துமலைக்கு இரதம் மட்டுமே சென்றது; பக்தர் கூட்டத்திற்கு அனுமதியில்லை. தைப்பூச விற்பனையை நம்பி ஆண்டுக்கணக்கை ஓட்டும் சிறுவணிகர்களுக்கு அது எத்தகைய அடி என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

அதிலிருந்து எழுந்திருக்கும் முன் எண்ணெய். 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூலை முதல் போத்தல் சமையல் எண்ணெய்க்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. இல்லத்தரசிகளுக்காக 2 ரிங்கிட் 50 காசுக்கு விற்கப்பட்ட ஒரு கிலோ நெகிழிப் பை எண்ணெயைக் கொண்டு வாணிகத்திற்கு முறுக்குச் சுடக்கூடாது. செம்பனை மரங்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை! கொண்டைக்கடலையோ இந்நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வருவது. ரிங்கிட்டின் மதிப்பு இறங்கினால் கடலை விலை ஏறும்.

கடைசியாக ஆள். கணவர் காலமான பிறகு உதவிக்கு ஒருவர் வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டு முதல் ஐந்துக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறுதொழில்களுக்கும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. இது நியாயமான சட்டம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அதே சம்பளம் குளிரூட்டிய தொழிற்சாலையில் கிடைக்கும்போது கொதிக்கும் மணல் முன் நிற்க யார் வருவார்?

"நீங்கதானேய்யா சொன்னீங்க"

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி. "ஏன் அக்கா, பேரப்பிள்ளைகளில் ஒருவருக்காவது இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?"

அவர் சிரித்தார். "நீங்கதானேய்யா வகுப்புல சொன்னீங்க, படிக்கலன்னா கச்சாங் பூத்தேதான் விக்கணும்னு. புள்ள வந்து சொல்லிச்சு. நல்லதுக்குத்தான சொன்னீங்க. அது படிச்சிருச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆம், சொன்னேன். ஒருமுறையன்று, பலமுறை. அவருடைய பேத்தி என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தாள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கும் காலத்தில், வீட்டுப்பாடம் செய்யாத மாணவர்களை உசுப்புவதற்காக எல்லா ஆசிரியர்களும் பயன்படுத்திய வாய்ப்பாடு அது. அந்தப் பெண் யாருடைய பேத்தி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் சொல்லியிருக்கிறேன். அவள் தலை குனிந்திருப்பாள், நான் கவனிக்கவில்லை. இன்று அவள் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறாள். அவளைப் படிக்க வைத்தது எது? அந்தக் கச்சாங் பூத்தேதான்! அவள் தின்ற சோறும் கட்டிய கட்டணமும் அந்தச் சட்டியிலிருந்து வந்தவை. நான் எதை இழிவாகச் சொன்னேனோ அதுதான் என் மாணவியை உயர்த்தியது.

அக்காவின் சொல்லில் குத்தலில்லை. நன்றியே இருந்தது. அதுதான் என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது.

இழப்பா, வெற்றியா?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த அடுப்பு அணைந்ததில் ஒரு பாதி நம் சமுதாயத்தின் வெற்றி. தன் பிள்ளைகள் தீயின் முன் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் ஐம்பது ஆண்டுகள் தீயின் முன் நின்றார். அவர் நினைத்தது நடந்துவிட்டது. என் நாக்குச் சுவைக்காக அந்தப் பேத்தி படிப்பை விட்டு மணல் வறுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எழுபத்தைந்து வயதை நெருங்கும் ஒருவர் ஓய்வெடுப்பதைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு?

ஆனால், மறுபாதி நம் தோல்வி. அதை மறைக்க முடியாது.

எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு 200 பொட்டலம் கேட்டு அவரிடம் போனேன். பொட்டலம் ஒன்றரை ரிங்கிட் என்றார். "பிள்ளைகளுக்குத்தானே அக்கா" என்று பேசி ஒரு ரிங்கிட் இருபது காசுக்கு இறக்கினேன். அறுபது ரிங்கிட்டை மிச்சப்படுத்திய பெருமையோடு வீடு திரும்பினேன். அன்று மாலை குடும்பத்தோடு பேரங்காடிக்குப் போய், குளிர்ந்த காப்பி ஒரு குவளைக்குப் பதினைந்து ரிங்கிட் கேட்டபோது வாய் திறக்காமல் கொடுத்தேன். அங்கே பேரம் பேச நமக்கு வெட்கம். அக்காவிடம் பேச வெட்கமில்லை. ஏனென்றால் அவர் 'நம்மவர்'! உறவு கொண்டாடியே உழைப்பின் விலையைக் குறைத்துவிடுகிறோம். பிறகு அந்த உழைப்பு நின்றுபோனால், "ஐயோ, அந்தக் காலத்துச் சுவை போய்விட்டதே" என்று கண்ணைக் கசக்குகிறோம்.

சிலர் கேட்கலாம்: "காலம் மாறுகிறது. கடலைதானே? தூய்மையான பொட்டலத்தில் எங்கும் கிடைக்கிறதே?" கிடைக்கிறது. ஆனால், இயந்திரத்தில் வேகமாக வறுத்த கடலையும் இரண்டு முறை மணலில் வறுத்த கடலையும் ஒன்றல்ல என்பது தின்றவர்க்குத் தெரியும். அதைவிட முக்கியமானது வேறு. எத்தனை நேரம் நனைக்க வேண்டும், மணல் போதிய அளவு காய்ந்ததை எப்படி அறிவது, எப்போது தோலைத் தேய்க்க வேண்டும் என்பவை எந்த நூலிலும் இல்லாமல் ஒருவருடைய கையில் மட்டுமே இருக்கும் அறிவு. அவர் சட்டியைக் கவிழ்த்தால் அந்த அறிவும் கவிழ்ந்துவிடும். தாய்மொழி அழிந்துவிடக்கூடாது என்று மேடைதோறும் முழங்கும் நாம், தாய்மொழி பேசிய கைகளின் தொழிலை மட்டும் பிள்ளைகளுக்கு அச்சுறுத்தலாகக் காட்டியிருக்கிறோம்.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியரின் காலைச் சிற்றுண்டிப் பண்பாடும் அவ்வாறே சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், பட்டியல் கடலை வறுக்காது. 1971 முதல் 1986 வரை தெருவோர வணிகர்களை அங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றிய சிங்கப்பூர், 2020இல் புதியவர்களுக்கு அங்காடித் தொழிலைக் கற்றுத்தரப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது; அனுபவம் வாய்ந்த கடைக்காரரிடம் இருந்து பழகுவதும் அதில் ஒரு பகுதி. எண்ணிக்கையில் எவ்வளவு சிறியதாயினும் வழி அதுதான். தொழிலைப் போற்றினால் போதாது. கற்றுக்கொள்ள ஆள் வேண்டும், கற்றவர் பிழைக்க விலை வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1. கேட்ட விலையைக் கொடுப்போம். கையால் செய்யும் பண்டத்திற்குப் பேரம் பேசுவதை விட்டுவிடுவோம். நம் கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும். நன்கொடை வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்போம். விலையைக் குறைத்து மறைமுகமாக வாங்க வேண்டாம்.

2. அடுப்பு எரியும்போதே எழுதி வைப்போம். நம் வீட்டிலும் பட்டணத்திலும் இருக்கும் மூத்தவர்களிடம் அளவும் பக்குவமும் கேட்டுப் பதிவு செய்வோம். "கண்ணளவுதான்" என்று சொல்வார்கள். விடாமல் பக்கத்தில் நின்று, அவர் அள்ளிப் போடுவதை நிறுத்துப் பார்த்து எழுத வேண்டும். இது தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு எவ்வளவு நல்ல கட்டுரைப் பயிற்சி!

3. ஆசிரியர்களே, அந்த வாய்ப்பாட்டை விட்டுவிடுவோம். "படிக்காவிட்டால் இதைத்தான் செய்ய வேண்டும்" என்று எந்த நேர்மையான தொழிலையும் காட்டி மிரட்ட வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில் அந்தத் தொழில்தான் உலை வைக்கிறது. படித்தவனும் விரும்பினால் கடலை வறுக்கலாம். நல்ல கணக்கும் வாணிக அறிவும் இருந்தால் அதை இன்னும் சிறப்பாகச் செய்யலாம் என்று சொல்வோம்.

சென்ற மாதம் அக்காவைப் பள்ளிக்கு அழைத்தேன். "நான் என்னய்யா பாடம் எடுக்கப்போறேன்" என்று தயங்கினார். அவருடைய பேத்தியே விடுப்பில் வந்து அழைத்துவந்தாள். திடலில் அடுப்பு மூட்டி, முன்னாளே நனைத்து முதல் வறுவல் முடித்த கடலையைத் தயாராக வைத்திருந்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நான் கரண்டியைப் பிடித்தேன். முதல் சட்டி உப்பவே இல்லை; கல்லாகிப் போனது. "மணல் காயலய்யா. வாத்தியாருக்கு அவசரம்" என்றார் அக்கா. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மூன்றாவது சட்டியில் ஒரு கைப்பிடியளவு ஓரளவு வெடித்தது. ஆளுக்கு இரண்டு கடலை கிடைத்தது. அன்று பேத்தியிடமும் பேசினேன். அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னது தவறு என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே சொன்னேன். "பரவாயில்லைங்க சார்" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தப் பழைய சுவை திரும்பிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது போய்விட்டது. ஆனால், செய்முறை இப்போது இருபத்தேழு மாணவர்களின் ஏடுகளில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் என்றாவது ஒருநாள் மணலைக் காய வைத்துப் பார்க்கலாம்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். புட்டு மாயம் பிழியும் பாட்டியாக இருக்கலாம், அதிரசம் சுடும் அத்தையாக இருக்கலாம். இந்த வாரக் கடைசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கேட்ட காசைக் கொடுங்கள். எப்படிச் செய்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். சட்டி கவிழ்ந்த பிறகு போனால், என்னைப்போல வெறும் கையோடுதான் திரும்ப நேரிடும்.